கோட்டை வாசல் கல்லில் உண்மையில் என்ன இருக்கிறது?

பிள்ளை,

உங்கள் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். திருகோணமலைச் சிவன் கோயிலான திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்த வரலாறு தலைப்பு. பன்னிரண்டு மூலங்களைக் காட்டி, கடைசிப் பக்கத்தில் முதலாம் நிலை (நேர்ச்சாட்சி), இரண்டாம் நிலை (பிறரிடமிருந்து பெற்றுப் பின்னர் எழுதியது) என்று இரண்டு நிரலாகப் பிரித்தும் இருக்கிறீர்கள். அப்படியிருந்தும் திருத்தியவர், "மூலங்களை அடுக்கியிருக்கிறீர், விசாரிக்கவில்லை" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டார். பிரித்துக் காட்டியாயிற்றே, இனி என்ன விசாரிப்பது என்று கேட்கிறீர்கள்.

பிரித்த இடத்தில்தான் பிழை தொடங்குகிறது. முதல் நிரலின் தலையிலேயே "கோணேசர் கல்வெட்டு" நிற்கிறது. அது கல்லில் வெட்டியதல்ல. கவிராச வரோதயர் இயற்றிய, செய்யுளும் உரைநடையும் கலந்த நூல். ஏட்டில் எழுதி, பார்த்துப் பார்த்துப் பிரதிசெய்து வந்தது. பெயரை நம்பி நீங்கள் அதைக் கல்லாக்கிவிட்டீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் நாலு பேராவது இதே பிழையை விடுவார்கள்.

ஏடு என்று தெரிந்ததும் அதை இரண்டாம் நிரலுக்குத் தள்ளிவிட வேண்டுமா? அதுவும் இல்லை. நீங்கள் அதனிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளக்கோட்டன் என்ற அரசன் எந்தக் காலத்தில் கோயில் கட்டினான் என்று கேட்டால், கலியுகம் பிறந்து 512 ஆண்டு சென்றபின் என்று அது பதில் சொல்லும். கலியுகக் கணக்கில் அது கி.மு. 2590. அந்த 512ஐச் சக ஆண்டாக எடுத்துக் கி.பி. 590 என்று கொள்வோரும் உண்டு. எப்படி எடுத்தாலும், தனக்கு நெடுங்காலம் முன்னே நடந்ததாகக் கேள்விப்பட்டதை ஒருவர் எழுதிவைத்த கதை அது. அந்தக் கேள்விக்கு அது நேர்ச்சாட்சி இல்லை. ஆனால் கோயில் தொழும்பு, அதாவது பணிவிடை, எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது, அதைச் செய்த குழுக்களில் தானத்தார் என்ன செய்தார்கள், வரிப்பத்தார் என்ன செய்தார்கள், யாருக்கு எந்த உரிமை இருந்தது என்று கேட்டுப்பாருங்கள். அப்போது அதே ஏடு, தன் காலத்தில் நடைமுறையில் இருந்ததை, அல்லது இருக்கவேண்டும் என்று கோயிலைச் சேர்ந்தவர்கள் விரும்பியதை, நேரே நின்று சொல்கிற சாட்சி. நூல் ஒன்றுதான். ஒரு கேள்விக்கு இரண்டாம் நிலை, மற்றதற்கு முதலாம் நிலை.

ஆகவே நிரலை அழியுங்கள். மூலத்தின் தலையில் முத்திரை குத்தாமல், "இந்தக் கேள்விக்கு இது எந்த நிலை?" என்று ஒவ்வொரு தரமும் கேளுங்கள். நீங்கள் பத்தாம் ஆண்டில் படித்த பாடப்புத்தகம் 17ஆம் நூற்றாண்டுக்கு இரண்டாம் நிலை. அந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிவந்தோம் என்பது ஆய்வென்றால் அதே புத்தகம் முதலாம் நிலை. உங்கள் அட்டவணையில் இந்த இரட்டை வேடத்துக்கு இடமே இல்லை.

சரி, விசாரிப்பது எப்படி? திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையின் வாசல் கல்லை வைத்துக் காட்டுகிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அதைக் கடந்துதான் போகிறோம். மானுக்குப் பழம் கொடுக்கத் திரும்புகிற தலை அந்த நிலைக்கல் பக்கம் திரும்புவதில்லை.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், "பிரெட்றிக் கோட்டை வாசலில் பொறிக்கப்பட்டுள்ள பாடல்" என்று நான்கு அடிகளையும் தந்திருக்கிறீர்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கி, பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று போவது. பறங்கி என்றது போர்த்துக்கேயரை. நம் ஊரில் பெரியவர் யாரைக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். நானும் பத்து வருடத்துக்கு மேலாக வகுப்பில், நான்கு அடியும் கல்லில் இருக்கிறது என்றே சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள் ஒரு பையன், "சேர், போய்ப் பார்த்தேன், பூனைக்கண்ணைக் காணவில்லை" என்றான். மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

கல் சிதைந்திருக்கிறது. வரிகளின் தொடக்க எழுத்துகள் பல இல்லை. "ன்னே குள", "ருப்பணியை", "ன்னே பறங்கி" என்பன போன்ற துண்டுகள் கண்ணுக்குத் தெரியும். பாடலின் முதல் பாதியோடு அவை பொருந்துகின்றன. கீழே உள்ள வரிகள் பூனைக்கண்ணோடு பொருந்துவதில்லை. கல்வெட்டு ஆய்வாளர்கள் அவற்றை வேறுவிதமாகவே வாசித்திருக்கிறார்கள், பின்வரும் அரசர்கள் இதைப் பேண நினைக்கமாட்டார்கள் என்ற கருத்தில். அப்படியானால் நீங்கள் ஒரே மூலமாக நினைத்தது இரண்டு மூலம். ஒன்று கல், மற்றது வாய்வழியாக வந்த வெண்பா. கல்லின் வயது வெண்பாவுக்கு ஒட்டாது. பூனைக்கண்ணனை ஒல்லாந்தன் என்றும் புகைக்கண்ணனை ஆங்கிலேயன் என்றும் பொருள் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொருள் சரியென்றால், அந்த அடிகள் அவர்களெல்லாம் வந்த பிறகு எழுந்திருக்கக்கூடும் என்ற ஐயம் உங்களுக்கு வந்திருக்கவேண்டும். நடந்ததை முன்னறிவிப்பாக மாற்றிப் பாடுவது நம் மரபில் புதிதில்லையே.

இனி அந்தக் கல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கோயிலில் இல்லை, கோட்டை வாசலில். போர்த்துக்கேயர் கோயிற் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். பிறகு 1660களில் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1803இல் யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரை வைத்தார்கள். இத்தனை கைமாறிய ஒரு கட்டடத்தில் ஒரு கல் இன்று இருக்கிற இடத்தை அதன் சொந்த இடம் என்று சொல்லமுடியாது. தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த கல்வெட்டு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. வாசகம் இருக்கும், யாருக்கு, எங்கிருந்து என்பது போய்விடும். "கல்லிலேயே இருக்கிறது" என்பதை முடிந்த முடிபாகச் சொல்கிறோம். கல்லிடமும் எங்கிருந்து வந்தாய், எத்தனை கை மாறினாய் என்று கேட்கவேண்டும்.

இதற்கு அடுத்தபடியாக நீங்கள் அதிகம் சாய்ந்திருப்பது குவேறோஸ் பாதிரியார்மேல். அவரை "கண்கண்ட சாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் கட்டுரையின் பெரிய பிழை. இயேசு சபைக் குருவான அவர் தன் இலங்கை வரலாற்றைக் கோவாவில் இருந்து எழுதி 1687 அளவில் முடித்தார். இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. 1617இல் பிறந்தவர், கோயில் இடிபட்டபோது போர்த்துக்கலில் சின்னப் பிள்ளை. ஆக அவருக்கும் சம்பவத்துக்கும் இடையில் அறுபது ஆண்டுக்கு மேல் காலமும் ஒரு கடலும் இருக்கின்றன. பழைய படைவீரர்களின் பேச்சும் சபையிடம் இருந்த எழுத்துகளும் அவர் கையில் இருந்தன. அதனால் அவரைத் தள்ளிவிட முடியாது. கண்டவர் என்று சொல்லவும் முடியாது, கண்டவர்களிடமிருந்து பெற்று எழுதியவர்.

அவர் கோணேச்சரத்தைக் கீழ்த்திசைப் புறச்சமயத்தாரின் ரோமாபுரி என்று சொல்கிறார். நீங்கள் அதை எடுத்து, "எதிரியே புகழ்ந்திருக்கிறான், இதைவிட என்ன சான்று வேண்டும்" என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. தனக்குப் பிடிக்காததை ஒருவர் உயர்த்திச் சொன்னால் அதற்கு எடை அதிகம். ஆனால் மற்றப் பாதியையும் யோசியுங்கள். கோயில் எவ்வளவு பெரிதோ, அதை விழுத்தியவனின் வெற்றியும் அவ்வளவு பெரிது. வேறு சமயத்தின் தலைநகரையே தகர்த்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பாதிரியாருக்கு ஆதாயம் இல்லையா? ஆகவே அந்த ஒரு வரி கோயிலின் பெருமைக்கும் சான்று, எழுதியவரின் தேவைக்கும் சான்று. நல்ல கட்டுரை இரண்டையும் சொல்லும். அவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது நீங்கள். அந்தத் தீர்மானத்தைத்தான் திருத்தியவர் உங்களிடம் தேடியிருக்கிறார்.

குவேறோஸிடம் இன்னொன்றும் உண்டு. கோயிலில் கிடைத்த ஒரு வாசகத்தைப் பற்றி அவர் எழுதுகிறார். பறங்கியர் வந்து இதை அழிப்பார்கள், பிறகு இத்தீவில் இதைத் திரும்ப எடுப்பிக்க அரசன் இருக்கமாட்டான் என்ற கருத்து அதில் இருந்ததாம். இதை வாசல் கல்லின் கீழ் வரிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பூனைக்கண் இல்லை, ஆனால் பின்வரும் அரசர் பற்றிய கருத்து ஒத்துவருகிறது. இப்படி இரண்டு மூலம் ஒன்றையொன்று தொடுகிற இடம் கிடைத்தால் ஆய்வாளனுக்குப் பசி எடுக்காது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அழிவு விதிப்படி வந்தது, அதைத் திருப்ப யாராலும் ஏலாது என்ற முன்னறிவிப்பு யாருக்கு வசதி? கோயிலை இழந்தவனுக்கு அது ஆறுதல். இடித்தவனுக்கு அது அனுமதிப் பத்திரம். இரண்டு பக்கமும் அந்தக் கதையைக் காப்பாற்றி வைத்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம். நீங்கள் ஏற்கவேண்டும் என்றில்லை.

மொழிபெயர்ப்பையும் பார்க்கவேண்டும். நீங்கள் வாசித்தது குவேறோஸை இல்லை. அவர் போர்த்துக்கேய மொழியில் எழுதியதை எஸ். ஜி. பெரேரா பாதிரியார் ஆங்கிலமாக்கி 1930இல் கொழும்பில் வெளிவந்தது. அதிலிருந்து ஒரு தமிழ் நூல் எடுத்தது. அதிலிருந்து ஒரு ரியூசன் கொப்பி எடுத்தது. நீங்கள் கொப்பியில் இருந்து எடுத்திருக்கிறீர்கள், எழுத்துப்பிழை ஒன்றும் அப்படியே வந்திருப்பதால் தெரிகிறது. "பகோட்" என்ற போர்த்துக்கேயச் சொல்லுக்குக் கோயில் என்றும் பொருள், கோயிலில் உள்ள விக்கிரகம் என்றும் பொருள். "மூன்று பகோட்" என்று ஓர் இடத்தில் இருந்தால் மூன்று கோயிலா, மூன்று விக்கிரகமா? மொழிபெயர்த்தவர் உங்களுக்காக ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறார். போர்த்துக்கேய மொழி படிக்கச் சொல்லவில்லை. "பெரேராவின் ஆங்கில மொழிபெயர்ப்பின்படி" என்ற மூன்று சொல்லைச் சேர்த்தால், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை வாசகர் தெரிந்துகொள்வார்.

சித்திரை வருடப்பிறப்பன்று பறங்கிப் படையினர் பிராமண வேடமிட்டுக் கோயிலுக்குள் நுழைந்த கதைக்கு நான்கு அடிக்குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். நான்கும் 20ஆம் நூற்றாண்டு நூல்கள். நான்கு பேர் சொன்னால் நான்கு சாட்சி என்று இல்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தால் நான்கும் சேர்ந்து ஒரு சாட்சிதான். பின்னோக்கிப் போய், யார் முதலில் சொன்னார், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நூல்பிடித்துப் போங்கள். அது எங்கே அறுகிறதோ அந்த இடத்தைக் கட்டுரையில் சொல்லுங்கள். ஆண்டு விஷயமும் அப்படித்தான். சில நூல்கள் 1622 என்கின்றன, சில 1624 என்கின்றன. நீங்கள் இரண்டாம் பக்கத்தில் ஒன்றையும் ஐந்தாம் பக்கத்தில் மற்றதையும் எழுதிவிட்டுப் பேசாமல் போயிருக்கிறீர்கள். கோயிலை இடித்ததும் அந்தக் கல்லில் கோட்டை எழுந்ததும் ஒரே நாள் வேலையில்லை. எந்த நூல் எந்தச் செயலுக்கு ஆண்டு சொல்கிறது என்று பிரித்துப் பார்த்தாலே முரண்பாட்டில் பாதி இளகும்.

பொருட்சான்றுகளுக்கு வருவோம். 1950இல் கோயிலுக்கு அண்மையில் கிணறு வெட்டும்போது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும், கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கித் தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டார்கள். அழிவுக்கு இவை "நேரடி ஆதாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு ஆதாரம் என்று அளந்து சொல்லவேண்டும். மண்ணுக்குள் திருமேனிகள் கிடந்தது, விக்கிரகங்களை ஒளித்துவைத்தார்கள் என்ற மரபுக் கதையின் அந்த ஒரு பகுதிக்கு நல்ல துணை. யார் ஒளித்தார், எந்த இரவில் என்பதற்குத் துணை இல்லை. கடலடித் தூணைப் பார்த்தால் அங்கே ஒரு பெரிய கட்டடம் இருந்து விழுந்தது தெரியும். தள்ளியது யார் என்று தூண் சொல்லாது. கிளார்க் 1957இல் எழுதிய நூல், அவர் தண்ணீருக்குள் கண்டதற்கு முதலாம் நிலை. அதே நூலில் அவர் கோயில் வரலாற்றைச் சொல்லும் பக்கங்கள் நமக்கு இரண்டாம் நிலை, அவரும் யாரிடமோ கேட்டுத்தான் எழுதினார். ஒரே அட்டைக்குள் இரண்டு நிலையும் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் இருந்திருக்கவேண்டியது, திருகோணமலைக்கு அண்மையில் நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு. கோணேச்சரத்து இறைவனை மச்சகேசுவரமுடைய மகாதேவர் என்று சொல்லி நிலக்கொடையைப் பதிகிறது. பேராசிரியர் சி. பத்மநாதன் தொகுத்த இலங்கைத் தமிழ்ச் சாசனங்களில் இந்த மாதிரிச் சாசனங்களை வாசகத்தோடும் விளக்கத்தோடும் பார்க்கலாம். இதன் அருமை என்னவென்றால், வெட்டியவர் வரலாறு எழுத உட்காரவில்லை. காணிக்கு உறுதி எழுதினார். நமக்கு எதையும் நிறுவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. நான் கதை சொல்லும் மூலங்களைவிடக் கணக்கு எழுதும் மூலங்களைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறவன். கணக்கிலும் பொய் எழுதலாம் என்பது கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது காணியைப் பற்றிய பொய்யாக இருக்கும், கோயிலின் பெயரைப் பற்றிய பொய்யாக இராது.

இதே வகையில் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரை. ஊரில் நாதனார் கோயில் என்பார்கள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அந்தப் பௌத்தப் பள்ளியை இராசராசப் பெரும்பள்ளி என்கின்றன. தமிழ்ப் பெயருடையவர்கள் விளக்குகளையும் பசுக்களையும் கொடையாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்று தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று கோடு போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்துக்கும் இந்தக் கல் உதவாது. அந்தக் கல்லை வெட்டியவருக்கு நம் சண்டை தெரியாது. மூலத்தை வாசிக்கும்போது நமக்கு வேண்டிய பதில் வந்ததும் நிறுத்திவிடுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும்தான். அந்தப் பழக்கத்தைப் பிடிக்க, நம்முடைய பக்கத்துக்கு இடைஞ்சல் தருகிற ஒரு மூலத்தையாவது கட்டுரையில் வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால், இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தை நீங்கள் தொடாமல் விட்டது சரியில்லை. மகாசேனன் என்ற அரசன் கோகர்ணத்திலும் (இது திருகோணமலையின் பழம்பெயர் என்பர்) வேறு இடங்களிலும் தேவாலயங்களை அழித்து விகாரை எடுப்பித்தான் என்று அது சொல்கிறது. கோகர்ணம் கிழக்குக் கரையில் உள்ளது என்று இடம் காட்டுவது மூலநூல் இல்லை, நூற்றாண்டுகள் கழித்து எழுந்த அதன் உரை. மகாநாம தேரர் எழுதியதே அந்த அரசனுக்குப் பல தலைமுறை பிந்தி. ஆக அரசன், நூல், உரை என்று மூன்று படி. சைவக் கோயிலின் பழமைக்குப் பௌத்த பிக்கு ஒருவரின் நூலில் துணை கிடைப்பதால் நம்மவர்கள் இதை ஆசையோடு மேற்கோள் காட்டுவார்கள். மூன்று படியையும் சொல்லிக் காட்டினால் அதற்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

தேவாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும் கோணமாமலை" என்ற அடியைக் காட்டி, 7ஆம் நூற்றாண்டில் இங்கே சன நெருக்கம் இருந்தது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேச்சரத்தில் இருந்தே பாடினார் என்பது பெரியபுராணம். அதுவும் 12ஆம் நூற்றாண்டு நூல். அதே பதிகத்தில் கடலலை சந்தனமும் அகிலும் முத்தும் கொண்டுவந்து கொழிக்கிறது. சந்தும் அகிலும் வேறு தலங்களைப் பாடும்போதும் ஆற்று வெள்ளத்தில் வரும், அது பாட்டு மரபு. ஆகவே முத்தை மரபு என்று தள்ளிவிட்டுக் குடிநெருக்கத்தை மட்டும் குடிசன மதிப்பீடாக எடுக்கமுடியாது. அந்தக் காலத்திலேயே பாண்டிநாட்டுக் கரையில் நின்றவருக்கு இந்தத் தலம் பாடத்தக்க பெயராக இருந்தது என்பதைப் பதிகம் ஐயமின்றிச் சொல்கிறது. அது சின்ன விஷயமா?

தலைப்புக்கு வெளியே இரண்டு சின்னக் கதை. முன்னர் சொன்னவை மனதில் நிற்கட்டும் என்று.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று பெயர்பெற்ற புளியமரத்தடியில் 1893இல் வைத்த ஒரு கல் உண்டு. ஆன் என்ற ஆங்கிலக் கப்பலின் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இங்கே பிடிபட்டார், கண்டி அரசனிடம் 19 வருடம் சிறையிருந்தார் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. கப்டன் தகப்பன். 19 வருடம் இருந்தவர் மகன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். தகப்பன் பிடிபட்ட மறு வருடமே, 1661இல், காய்ச்சலில் இறந்துபோனார் என்று மகன் 1681இல் அச்சிட்ட தன் நூலில் எழுதியிருக்கிறார். கல் 233 வருடம் பிந்தியது, புத்தகம் அனுபவித்தவர் கை. இங்கே கல் இரண்டாம் நிலை, அச்சுப் புத்தகம் முதலாம் நிலை.

மற்றது, சுவாமிமலை உச்சியில் நிற்கும் பிரான்சினா வான் றீட் தூண். காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு அந்த ஒல்லாந்தப் பெண் கடலில் பாய்ந்தாள் என்று சுற்றுலாக்காரருக்குச் சொல்வார்கள். தூணில் அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் இருக்கின்றன, பாய்ந்தாள் என்று இல்லை. அதற்குப் பிறகு அவள் திருமணம் செய்துகொண்டதை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன. பெயரும் திகதியும் மட்டும் இருந்த வெற்றிடத்தில் யாரோ கதையை நட்டுவிட்டார்கள்.

வாய்மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள், அம்மம்மாவின் கதைகளைச் சேர்க்கலாமா என்று. 17ஆம் நூற்றாண்டுக்கு அம்மம்மா சாட்சி இல்லை. யப்பான்காரன் குண்டு போட்ட காலத்துக்குச் சாட்சிதான். என் தாயார் அந்த நாளை எப்போதும் ஈஸ்டர் ஞாயிறு என்றே சொல்வார். ஈஸ்டர் ஞாயிறு, 1942 ஏப்ரல் 5, கொழும்பில் குண்டு விழுந்த நாள். திருகோணமலையில் விழுந்தது ஏப்ரல் 9, வியாழன். பிறகு வானொலியிலும் பேச்சிலும் கேட்டது அவர் நினைவில் கலந்துவிட்டது. அதனால் அவர் சொன்னதெல்லாம் பிழையாகிவிடாது. அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சனம் காட்டுப் பக்கம் ஓடியது, திரும்பி வந்தபோது பானை கருகிக் கிடந்தது என்று அவர் சொன்னது எந்தக் கடற்படை அறிக்கையிலும் இராது. திகதிக்கு அறிக்கையைப் பாருங்கள், பானைக்கு அம்மாவைக் கேளுங்கள்.

இரண்டாம் நிலை நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவற்றைத் தகவல் களஞ்சியமாகப் பாவிக்கிறீர்கள், அதுதான் குறை. ஒரு பேராசிரியர் எழுதினால் அவர் எந்த மூலத்தைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை, எந்த ஆண்டில் எழுதினார் என்று கேளுங்கள். 1950க்கு முன் எழுதியவருக்குச் செப்புத் திருமேனிகள் தெரியாது. அவர் சொன்னது அன்றைக்குச் சரி. ஆய்வாளர் இருவர் முரண்பட்டால் நடுவில் நின்று "இரு கருத்தும் உண்டு" என்று எழுதி நழுவவேண்டாம். ஒரே சான்றை வேறுவிதமாக வாசிக்கிறார்களா, வேறு வேறு சான்றைப் பார்த்தார்களா என்று பாருங்கள்.

எழுதும்போது இது எப்படி வரும் என்று உங்கள் வசனத்தையே எடுத்துக் காட்டுகிறேன். நீங்கள் எழுதியது: "கோணேச்சரம் மிகப் பெரிய கோயிலாக விளங்கியது என்பதைக் குவேறோஸ் கூறுகிறார்." நான் எழுதினால் இப்படி இருக்கும்: "குவேறோஸ் கோணேச்சரத்தைப் புறச்சமயத்தாரின் ரோமாபுரி என்கிறார். கோவாவில் இருந்து, இடிப்புக்கு அறுபது ஆண்டுக்குப் பின், வெற்றியாளர் பக்கம் நின்று எழுதியவர் என்பதால் இந்தப் பெருமிதத்தில் மிகைக்கு இடமுண்டு. எனினும் சோழர் காலத்து நிலாவெளிச் சாசனம் இக்கோயிலுக்கு நிலக்கொடை அளிக்கப்பட்டதை வேறொரு தேவைக்காகப் பதிந்திருப்பதால், கோயில் செல்வாக்கோடு இருந்தது என்ற அளவில் அவரது கூற்றை ஏற்கலாம்." ஒரு வசனம் மூன்றாகிவிட்டது. அதற்கு இடம் வேண்டுமென்றால் பன்னிரண்டு மூலத்தில் ஏழைத் தூக்குங்கள். ஐந்தை ஒழுங்காக விசாரித்தால் போதும்.

ஏட்டு நூல்களின் பழைய அச்சுப் பதிப்புகள் பல நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்தர் ஆவணங்கள் இருக்கின்றன, இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை.

கோட்டை வாசலுக்கு மட்டும் கட்டாயம் போங்கள். வெயில் சரிந்து விழுகிற நேரமாகப் பாருங்கள், உச்சி வெயிலில் எழுத்து மட்டமாகிவிடும். வாசலில் நிற்கும் இராணுவத்தினரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அச்சில் உள்ள எந்த வாசிப்பையும் முன்கூட்டிப் பார்க்கவேண்டாம். கொப்பியில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை மட்டும் வரி வரியாக எழுதுங்கள், தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். நான் போனபோது என் கொப்பியில் எழுத்தைவிடப் புள்ளிதான் கூட இருந்தது. உங்களுடையதைக் கொண்டுவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.